பெல்ற் அறுந்த எஞ்சினும் அளவை நூலும்

தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுதல், இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். காரணத்தை முதலிலே சொல்லிவிடுகின்றோம். உயர்தர வகுப்பிற்குத் தொழினுட்பத் துறை 2013 ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட்ட பின்னர், அத்துறை மாணவர் தம் செய்முறைக் குறிப்புக்களைத் தமிழிலே பிழையற எழுதும்பொருட்டு எம்மிடம் கொண்டுவருதல் வழக்கமாயிற்று. சந்திப்பிழை திருத்தப் புகுந்த யாம் நாளடைவிற் பொருளையும் வினாவத் தொடங்கினோம். அவ்வாறு வந்த குறிப்பொன்றிலே, “ரைமிங் பெல்ற் அறுந்தது; ஆதலின் வால்வுகள் வளைந்தன; ஆதலின் ஹெட்டைக் கழற்றவேண்டும்” என எழுதப்பட்டிருந்தது. இலக்கணத்தில் வழு யாதும் இல்லை. வழு அளவையிலே உளது.

பெல்ற் அறுந்தமை கண்ணாற் கண்ட செய்தி. வால்வு வளைந்தமையோ கண்டதன்று, கருதியது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் ‘ஆதலின்’ என்னுஞ் சிறு சொல்லுக்குப் பெரும் விலை உண்டு. அதனை ஆராயாது ஒருவர் சொல்லிவிடின், கழற்ற வேண்டாத ஹெட் கழற்றப்பட்டு உடையவர் கைப்பொருள் வீணாகும். ஆராயாது மற்றொருவர் மறுத்துவிடின், கழற்றியே தீரவேண்டிய எஞ்சின் ஓடவிடப்பட்டுச் சிதறிப்போகும். இரண்டும் நம்மூரில் நிகழ்ந்து வருவனவே.

அறிவைப் பெறும் வழிகளை நம் நூலோர் காட்சி, கருதல், உரை என மூன்றாகத் தொகுத்துக் கூறுவர். சிவஞானசித்தியார் சுபக்கம் அளவையோடு தொடங்குதலையும், மணிமேகலை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப் போலி எனப் போலிகளை வகுத்துரைத்தலையும் மேல்வகுப்பு மாணவர் அறிவர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுதற்கு உரியன என்று அவர்கள் கருதும் இச்சொற்கள், கராச்சிலே மிகவும் வேண்டப்படுவன என்பதே எம் கருத்து.

இனி, பெல்ற் செய்யுந் தொழில் யாதெனக் காண்போம். நான்கடிப்பு எஞ்சினிலே உருளைக்குள் முசலம் மேலுங் கீழுமாக ஓடுகின்றது. பாடநூலில் முசலம் எனப்படுவதனைக் கராச்சிலே பிஸ்ரன் என்பர். முசலங்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கீழேயுள்ள கிராங் தண்டு. உருளையின் தலைமாட்டிலே, காற்றை உள்ளிழுக்கும் வால்வும் புகையை வெளியேற்றும் வால்வும் உள்ளன. அவற்றைக் காலமறிந்து திறப்பது மேலேயுள்ள காம் தண்டு. மூடுவன வில்லுக் கம்பிகள். கிராங் இருமுறை சுழலுங்கால் காம் ஒருமுறை சுழலுதல் வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங் செக்கனுக்கு 50 முறை சுழலும். ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 முறை திறந்து மூடும். இவ்விரு தண்டுகளும் ஒரு பல்லளவேனும் வழுவாது ஒத்துச் சுழலுமாறு பிணித்து வைப்பதே பற்களையுடைய ரைமிங் பெல்ற்.

முற்காலத்து மோட்டார்களில் இவ்வேலையைச் சங்கிலியோ பற்சில்லுகளோ செய்தன. பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990 களிலே மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தாரைத் தாங்கிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலியனவெல்லாம் சங்கிலியுடையன. பற்களையுடைய பெல்ற்றைப் பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட காரிலே முதலிற் பூட்டியது ஜேர்மனியின் கிளாஸ் என்னும் நிறுவனம். 1962 இல் உற்பத்திக்கு வந்த அதன் 1004 என்னுங் காரே அது. 1966 இல் இத்தாலியின் பியற் நிறுவனமும் அமெரிக்காவின் பொன்ரியாக்கும் அவ்வழியைப் பின்பற்றின. பெல்ற் விலை குறைந்தது, ஓசை குறைந்தது, எண்ணெய் வேண்டாதது. ஆயினும் சங்கிலி தளரும்போது சலசலத்து முன்னறிவித்தல் பெரும்பான்மை. பெல்ற்றோ பெரும்பாலும் வாய்பேசாது இறந்துபடும். அண்மைக் காலத்துக் கார்கள் பல மீண்டுஞ் சங்கிலிக்கே திரும்பியுள்ளன. நம் வீதிகளில் ‘நூற்றிருபத்தொன்று’ எனப்படும் கொறொல்லாவும் சங்கிலியுடையதே. ஆயினும் அதற்கு முந்திய கார்களும் டீசல் வான்களும் பெல்ற்றை நம்பியே இன்னும் ஓடுகின்றன.

பெல்ற் அறுந்ததும் நிகழ்வது இது. காம் தண்டு, வில்லுக் கம்பிகளின் அழுத்தத்தினால் ஒரு கணத்தில் நின்றுவிடுகின்றது. நின்ற நிலையிற் சில வால்வுகள் திறந்தபடியே உருளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கிராங்கோ நில்லாது. வாகனம் கியரில் ஓடிக்கொண்டிருப்பின் சில்லுகளே அதனைச் சுழற்றும். அப்போது மேலெழும் முசலம் நீட்டிய வால்வைத் தொடுமா, தொடாதா? இவ்வொரு வினாவிலேயே யாவும் அடங்கியுள்ளன.

அதற்கு விடை எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. முசலம் உச்சிக்கு வந்தாலும், வால்வு முழுதுந் திறந்திருந்தாலும், இரண்டுக்கும் இடைவெளி இருக்குமாறு அமைக்கப்பட்டவை சில. இவற்றை யாம் மோதா எஞ்சின் என்போம்; ஏனையவை மோதும் எஞ்சின். (மோதா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மாணவர் குறித்துக்கொள்க.) ரொயோட்டா கொறொல்லாவில் வந்த 4ஏ-எவ்ஈ மோதா வகையினது; ஹொண்டா சிவிக்கில் வந்த டி15பி மோதும் வகையினது. டீசல் எஞ்சின்கள், ஏறக்குறைய எல்லாமே, மோதுவன. டீசலிற் காற்றைப் பன்மடங்கு அமுக்கவேண்டியிருத்தலின், உச்சியில் முசலத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் அளவே வெளி இருக்கும். அங்கே திறந்த வால்வுக்கு இடமேது?

ஆகவே முதலில் வேண்டப்படுவது ஸ்பனர் அன்று, உரை அளவை. எஞ்சின் இலக்கம் யாது, அவ்வெஞ்சின் மோதும் வகையா எனச் செய்தோரின் கைந்நூலிற் காணல் வேண்டும். ஒரே பெயருடைய காரிலே ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு எஞ்சின் வருதலின், காரின் பெயரை மட்டுங் கேட்டு முடிவு சொல்லலாகாது. அடுத்து ஓட்டியவரின் உரை. எந்த வேகத்தில் நின்றது? நின்றபோது உலோகம் உலோகத்தில் அடித்த ஓசை கேட்டதா, அன்றி விளக்கணைந்தாற் போல் ஓசையின்றி நின்றதா? நின்ற பின் எத்தனை முறை ஸ்ராட்டரை அடித்தார்? தள்ளி ஸ்ராட் பண்ண முயன்றனரா? இக்கடைசி வினா நம்மூருக்கு மிகவும் உரியது. வாகனம் நின்றால் வழியிற் போவோர் நால்வர் கூடித் தள்ளுதல் நம்மவர் நல்லியல்பு. மோதும் எஞ்சினிலோ அந்நல்லியல்பே வால்வுக்குக் கூற்றாக முடியும்.

ஸ்ராட்டரின் ஓசை ஒரு குறி தரும். நலமான எஞ்சின் விட்டுவிட்டு முனகும். ஒவ்வொரு முசலமும் காற்றை அமுக்குந்தோறும் சுமை ஏறியிறங்குதலே அம்முனகல். பெல்ற் அறுந்த எஞ்சினோ தடையின்றி, ஒரே சீராய், வழக்கத்தினும் விரைந்து சுழலும். ஒருமுறை அவ்வோசை கேட்டபின் மறுமுறை கேட்கவேண்டுவதில்லை. மேல் மூடியைக் கழற்றிப் பெல்ற்றைக் கண்ணாற் காண்பதே தக்கது.

பழைய பெல்ற்றைக் குப்பையில் எறிதல் கூடாது. அதுவே முதற் சாட்சி. ஓரம் நைந்திருப்பின் யாதோவொரு சில்லு நேர்கோட்டினின்றும் விலகியுள்ளது. எண்ணெயில் ஊறி வீங்கியிருப்பின் காமின் அல்லது கிராங்கின் எண்ணெய் சீல் கசிகின்றது. பெல்ற் அறாமல் ஓரிடத்துப் பற்கள் மட்டும் வழிக்கப்பட்டிருப்பின், மேலே ஏதோவொன்று இறுகி நின்றிருத்தல் வேண்டும். அது தண்ணீர்ப் பம்பியோ, இறுக்கும் உருளையோ, எண்ணெயின்றி இறுகிய காம் தண்டோ என்பதை ஒவ்வொன்றாகக் கையாற் சுழற்றிப் பார்த்தே அறிதல் வேண்டும். காரணத்தைக் காணாது புதிய பெல்ற் பூட்டுவோர் மறுபடியும் அவ்வேலைக்கே வருவர். (இவ்விடத்தில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்தாளத் தமிழாசிரியர் கை துடிக்கின்றது. அடக்கிக்கொள்கின்றோம்.)

இனிக் காட்சி அளவைக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றாமலே காணத்தக்கன பல உள. ஆயின் வரிசை முக்கியம். ஓய்வுபெற்ற ஒருவரின் கொறொல்லாவுக்கு இவ்வாறு நேர்ந்தபோது, ஒரு கராச்சில் ஹெட் வேலை என்று பெருந்தொகை கேட்கப்பட்டது. அவர் எம் பழைய மாணவன் ஒருவனிடம் அதனைக் கொண்டுசென்றார். அன்று பிற்பகல் முழுவதும் யாம் அருகிருந்து கண்டோம். ஏன் உடனே ஸ்ராட்டரை அடித்துப் பார்க்கவில்லை என வினவினேமாக, “சேர், ஸ்ராட்டருக்குப் பலம் கூட. தடை வந்தாலும் அது தெரியாமல் சுத்திப்போடும். கையாலை சுத்தினால்தான் எஞ்சின் என்ன சொல்லுதெண்டு தெரியும்” என்றான்.

அவன் செய்த வரிசை வருமாறு. முதலில் பிளக்குகள் நான்கையுங் கழற்றினான். காற்று அமுங்காமையால் கிராங் இலகுவாய்ச் சுழலும். பின்னர்க் கிராங்கை, முசலங்கள் நான்கும் உருளையின் நடுவில் நிற்குமாறு உச்சிக் குறியினின்றும் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தினான். நான்கு உருளை எஞ்சினில் இந்நிலையில் எந்த முசலமும் உச்சியில் இராது. ஆதலின் காம் தண்டைத் திருப்பினும் வால்வு முசலத்தை முட்டாது. மோதும் எஞ்சினில் இவ்வொரு படியைத் தவறவிட்டு, பெல்ற் அறுந்தபோது தப்பிய வால்வைப் பழுதுபார்க்கையில் வளைத்தோர் உளர். பின்பு காமை அதன் குறிக்குத் திருப்பி, கிராங்கை அணிய வழியால் உச்சிக் குறிக்குக் கொணர்ந்து, பெல்ற்றைப் பூட்டி, இறுக்கத்தைச் சரிசெய்து, கிராங் போல்ற்றிலே ஸ்பனர் வைத்து ஓடுந் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினான். கெட்டியான தடை எங்கேனுந் தோன்றியிருப்பின் அங்கேயே நிறுத்தியிருப்பான். குறிகள் மீண்டும் ஒத்துநின்றன. அதன் பின்னரே ஸ்ராட்டர். அதுவும் அமுக்கமானியை வைத்து அளத்தற்காக.

அளவுகள் சதுர அங்குலத்துக்கு 175, 178, 172, 176 இறாத்தல். பெற்றோல் எஞ்சினில் 170 முதல் 190 வரை நல்ல அளவு என்பர். அதனினும் முக்கியமானது உருளைக்கு உருளை வேறுபாடு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குக்கு மேற்படாமை. வால்வு வளைந்த உருளையில் அளவு மிகத் தாழ்ந்திருக்கும். சிலவிடத்து முள் அசையவே அசையாது. இக்காரில் நான்கும் ஒத்திருந்தன. ஹெட் கழற்றப்படவில்லை. மாலையே கார் வீடு சென்றது. மோதா எஞ்சின் என்னும் உரையும், ஒத்த அளவு என்னும் காட்சியும் ஒன்றையொன்று வலியுறுத்தினமையின் இங்கே ஐயத்துக்கு இடமில்லை.

மோதும் எஞ்சினாயின் யாது செய்வது? ஸ்ராட்டரைத் தொடுமுன் வேறிரு சோதனைகள் உள. காம் தண்டுக்கும் வால்வின் தலைக்கும் இடையே, வால்வு மூடிய நிலையில், ஒரு மில்லிமீற்றரின் பத்தில் இரண்டு மூன்று பங்கு வெளி இருத்தல் பல எஞ்சின்களில் முறை. வளைந்த வால்வு தன் ஆசனத்தில் முற்றும் அமராது சிறிது கீழே தொங்கி நிற்கும். ஆதலின் மேலே அவ்வெளி பன்மடங்கு அகன்றிருக்கும். மேல் மூடியைக் கழற்றி, காமைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு வால்விலும் தகட்டளவையை நுழைத்துப் பார்த்தால், ஹெட்டைத் திறவாமலே எவ்வுருளையில் எவ்வால்வு எனக் கூறிவிடலாம். எண்ணெயமுக்கத்தால் வெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் அமைப்புடைய எஞ்சின்களில் இச்சோதனை செல்லாது. அவ்வமைப்பு குறையை மறைத்துவிடும்.

மற்றொன்று காற்றுச் சோதனை. ஓர் உருளையின் இரு வால்வுகளும் மூடியிருக்குமாறு காமை நிறுத்தி, கிராங் சுழலாதபடி பிடித்து, பிளக் துவாரத்தினூடே காற்றை ஏற்றிச் செவிகொடுத்தல் வேண்டும். காற்று உள்ளிழுக்கும் குழாயிற் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு குற்றவாளி. புகைக்குழாயிற் சீறினால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் முசல வளையங்களின் தேய்வு. றேடியேற்றரிற் குமிழி எழுந்தால் கஸ்கெற் அல்லது ஹெட்டின் வெடிப்பு. பழுது எங்கே என்று எஞ்சினே வாய்திறந்து சொல்லும் சோதனை இதுவொன்றே என்பது எம் மாணவனின் கருத்து. எமக்கும் அது உடன்பாடே.

இங்கே போலிகளைப் பற்றிச் சிறிது நிற்போம். மாணவர் வழுக்கும் இடம் இதுவாதலின்.

நான்கு உருளையிலும் அமுக்கம் ஒரே அளவாய்த் தாழ்ந்திருந்தால், நான்கிலும் வால்வு வளைந்தது என்று முடிவு செய்வர் பலர். பெல்ற் அறுந்த கணத்தில் எல்லா வால்வுகளும் ஒருபடியாய்த் திறந்திரா. ஆதலின் எல்லா உருளையும் ஒரே அளவில் கெடுதல் அரிது. ஒத்த தாழ்வு பெரும்பாலும் பெல்ற்றை ஒரு பல்லோ இரு பல்லோ தள்ளிப் பூட்டியதன் விளைவு. குறிகளை மீளப் பார்த்தால் தீர்ந்துவிடும். இதனை அறியாது ஹெட் கழற்றுதல் ஏதுப்போலிக்கு நல்ல உதாரணம்.

இக்காலத்திலே பிளக் துவாரத்தினூடே நுழைக்கும் சிறு கமராக்கள் எளிதிற் கிடைக்கின்றன. முசலத்தின் தலையிற் பிறைவடிவான தழும்பு காணப்பட்டால் அங்கே வால்வு முட்டியதென்பது திண்ணம். ஆனால் முட்டியது வேறு, வளைந்தது வேறு. முட்டியும் வளையாத வால்வு உண்டு. தழும்பு பழையதாயிருத்தலும் உண்டு. மறுதலையாக, கரி படிந்த முசலத்திலே தழும்பு தெளிவாய்த் தோன்றாமையை மட்டுங் கொண்டு வால்வு நலம் என்று துணிதலும் போலியே. கமரா காட்டுவதை அமுக்கமானி உறுதிசெய்தல் வேண்டும்.

அமுக்கம் நன்றாயிருந்தும் பழுது மறைந்திருத்தல் கூடும். நுண்ணிதாய் வளைந்த வால்வு குளிர்ந்த நிலையில் ஓரளவு அடைத்துக்கொண்டு, சூடேறிச் சிலநாள் ஓடியபின் விளிம்பு எரிந்து கெடலாம். வால்வின் வழிகாட்டிக் குழல் வெடித்திருக்கலாம். ஆதலின் மோதும் எஞ்சினில் சோதனைகள் யாவும் நன்றென்று சொல்லினும், ஓடவிட்ட சில நாள்களின் பின் மீண்டும் அளந்து பார்த்தல் அறிவுடைமை.

டீசலின் கதை வேறு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் ஒருவரின் வான். எஞ்சின் ரொயோட்டா 2சி. அதில் காமையும் டீசல் தெளிக்கும் பம்பியையும் ஒரே பெல்ற் ஓட்டுகின்றது. ஒருநாட் காலை, பிள்ளைகளை இறக்கித் திரும்பும் வழியில் அப்பெல்ற் அறுந்தது. மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தது என்றார். ஓசையொன்றும் பெரிதாய்க் கேட்கவில்லை என்றார். வழியிற் கண்டோர் தள்ளிப் பார்த்தனர். பின்னர் வான் சேர்ந்த கராச்சில், மெதுவாய் ஓடியதாதலின் பழுதிராது எனக் கருதி, புதிய பெல்ற்றைப் பூட்டி ஸ்ராட்டரை அடித்தனர். எஞ்சின் பிடித்தது, ஆனால் நடுங்கி, வெண்புகை கக்கி, ஒரு பக்கந் தட்டும் ஓசையோடு ஓடியது. ஓட ஓடச் சரிவரும் என்று சொல்லி அனுப்பினர். மறுநாட் காலை பிள்ளைகள் காத்திருப்பர் என்னும் எண்ணத்தால் அவரும் எடுத்துச் சென்றார். நான்காம் நாள் வளைந்த வால்வொன்றின் தலை ஒடிந்து உருளைக்குள் வீழ்ந்தது. முசலம் நொறுங்கியது, உருளைச் சுவர் கிழிந்தது, ஹெட் குழிந்தது. அவ்வேளை வானிலே பிள்ளைகள் இருந்தனர். வேகம் குறைவாயிருந்தமையால் எவர்க்கும் தீங்கில்லை. வான் ஏறக்குறைய ஒன்றரை மாதம் நின்றது. மனைவியின் சங்கிலி அடகுக்குச் சென்றது. ஏற்றிவந்த பிள்ளைகளிற் பாதிப்பேர் வேறு வானுக்கு மாறிவிட்டனர், மாறியவர் திரும்பவில்லை.

தள்ளியதை நாம் குறைகூறல் ஆகாது, அன்பினாற் செய்தது. பிடித்த எஞ்சின் நலமான எஞ்சின் என்று எண்ணியதே பிழை. மூன்று உருளை வேலைசெய்தாலும் எஞ்சின் பிடிக்கும். நடுக்கம், புகை, தட்டல் என மூன்று சாட்சிகள் ஒருங்கே நின்று முறையிட்டன, கேட்பாரில்லை. வால்வை மட்டும் மாற்றவேண்டியிருந்த முதல்நாளிற் செலவு யாது, நான்காம் நாட் செலவு யாது என்பதை வாசகர் தாமே கணக்கிடுக.

டீசலில் வால்வுகள் பெரும்பாலும் செங்குத்தாய் நிற்றலின், முசலம் அவற்றை நேரே மேல்நோக்கி இடிக்கும். அவ்விடி வால்வோடு நில்லாது. மேலுள்ள தட்டுக்கிண்ணங்களையும் காமின் தாங்கிகளையும் உடைக்கும். காம் தண்டே முறிதலும் உண்டு. கீழ்நோக்கிச் சென்றால் முசலத்தைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு வளையும். ஆதலின் டீசலில் பெல்ற் அறுந்தால், அல்ல என்று நிறுவப்படும்வரை பழுது உண்டு என்றே கொள்ளல் வேண்டும். டீசலின் நல்ல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல் அளவினது. பெற்றோலுக்குரிய மானியை அதில் வைத்தல் மானியையே கெடுக்கும். ஹெட்டைக் கழற்றுதலே இங்கே பெரும்பாலும் சிக்கனம். கழற்றியபின், ஒவ்வொரு முசலத்தையும் உச்சிக்குக் கொணர்ந்து, உருளை விளிம்புக்கு மேல் எவ்வளவு நீட்டிநிற்கின்றதென அளத்தல் வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின் அதன் இணைப்புத் தண்டு வளைந்துள்ளது. ஐந்து நிமிட வேலை. ஆயினும் இதனைச் செய்வோர் சிலரே.

கழற்றிய ஹெட்டை மேசையிற் கவிழ்த்து, பிளக்குகளைப் பூட்டி, வால்வுகள் மூடிய நிலையில் குழிகளிலே மண்ணெண்ணெயை நிரப்பி வைத்தால், வளைந்த வால்வினருகே அது கசிந்து வழியும். வளைந்தவற்றை லேத்திற் பிடித்து நிமிர்த்துத் தருவதாகச் சொல்வோர் உண்டு. யாம் அதற்கு உடன்படோம். வளைத்து நிமிர்த்த கம்பி வளைந்த இடத்திலேயே ஒடிதலைச் சிறு பிள்ளையும் அறியும்; வால்வோ செக்கனுக்கு இருபத்தைந்து முறை தன் ஆசனத்தில் வந்து அறைவது. வானின் கதை நான்காம் நாள் எவ்வாறு முடிந்ததென மேலே கண்டோம். வால்வைப் புதிதாகவே இடுதல் வேண்டும். அதன் குழலையும் ஆசனத்தையும் சோதித்த பின்னரே இடுதல் வேண்டும். முசலத் தலையில் ஆழமற்ற தழும்பாயின் கூர்விளிம்பைத் தேய்த்து விடலாம். வெடிப்பு மயிரிழை அளவினதாயினும் அம்முசலம் ஆகாது.

மாணவரின் குறிப்புக்கு மீள்வோம். “பெல்ற் அறுந்தது, எஞ்சின் மோதும் வகையினது, இரண்டாம் உருளையில் காற்று புகைக்குழாயிற் சீறிற்று, வால்வு வெளி அங்கே பன்மடங்கு அகன்றிருந்தது, ஆதலின் அவ்வுருளையின் வெளியேற்றும் வால்வு வளைந்தது எனக் கொண்டு ஹெட்டைக் கழற்றினோம்” என்று எழுதிவரும் மாணவனுக்கு யாம் முழுப்புள்ளி இடுவோம். கராச்சுக்கு வாகனத்தைக் கொண்டுசெல்லும் பழைய மாணவரும், ஹெட் வேலை என்று சொல்லப்பட்டால், எவ்வுருளையில் என்ன அளவு கண்டீர்கள் எனத் தாழ்மையாய் ஒரு வினா வினவலாம். அளந்தவர் அதற்கு மகிழ்ந்து விடை சொல்வர்; அளவாதவர் பெரும்பாலும் கோபிப்பர்.

பழைய வாகனம் வாங்குவோர்க்கு ஒரு சொல். பல பெல்ற்றுகளுக்கு 1,00,000 கிலோமீற்றரை எல்லையாகச் செய்தோர் குறிப்பதுண்டு; சரியான எல்லையைக் கைந்நூலிலேயே காண்க. றப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். ஆதலின் கிலோமீற்றரோடு ஆண்டையும் எண்ணல் வேண்டும். கைமாறிவந்த வாகனத்தின் ஓட்டக் கணக்கை முற்றும் நம்பலாகாமையின், பெல்ற் மாற்றியதற்குச் சான்று இல்லையாயின் மாற்றப்படவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுக. மாற்றும்போது இறுக்கும் உருளையையும் எண்ணெய் சீல்களையும், பெல்ற் ஓட்டுவதாயின் தண்ணீர்ப் பம்பியையும் உடன் மாற்றுதல் நன்று. அவற்றை மாற்றப் பின்னர் ஒருமுறை திறப்பின் அதே கூலி மீண்டும் கொடுக்கவேண்டிவரும். வேலை முடிந்ததும் பெல்ற் மூடியின்மேல், அழியாத மையினாலே, மாற்றிய திகதியையும் அன்று காட்டிய கிலோமீற்றரையும் எழுதிவைக்குமாறு மெக்கானிக்கைக் கேளுங்கள்.